வாடகை வீட்டில் தீ: காப்பீடு இல்லையென்றால் இழப்பு யார் தலையில்?

கேள்வி: சுவருக்குள் ஓடும் வயரிங்கில் தீப்பிடித்து கட்டில், பீரோ, துணிமணி எல்லாம் போய்விட்டால், குடியிருப்பவருக்குக் காப்பீடு இல்லாதபோது வீட்டு உரிமையாளரின் காப்பீடு கைகொடுக்குமா?

பதில் 1: பொதுவாகக் கொடுக்காது. அது கட்டடத்துக்கும் உரிமையாளரின் சொந்தப் பொருட்களுக்கும்தான். அவரிடமே ஈடு கேட்க வேண்டுமானால் அவருடைய அலட்சியத்தை நிரூபிக்க வேண்டும். வயரிங் பழசு என்பது மட்டும் போதாது. "பிளக் பாயின்ட் சூடாகிறது, கருகிய வாடை வருகிறது" என்று முன்பே எழுத்தில் சொல்லியும் அவர் சரிசெய்யவில்லை என்றால் வழக்கு வலுவாக நிற்கும். வாய்மொழிப் புகார் நிற்பது கஷ்டம்.

பதில் 2: தயவுசெய்து அவசரப்பட்டு எதையும் அள்ளிக் கொட்டிவிடாதீர்கள்! உருகிய சுவிட்ச் போர்டும் கருகிய வயர் துண்டும்தான் சாட்சி. இருந்த இடத்திலேயே படமெடுங்கள், தீயணைப்புத் துறை அறிக்கை வாங்குங்கள். பொருள், வாங்கிய ஆண்டு, விலை என்று அறை அறையாகப் பட்டியல் போடுங்கள். ரசீது எரிந்திருந்தால் வங்கிக் கணக்கு விவரம் உதவும். தேய்மானம் கழிப்பார்கள், புது விலை கிடைக்காது.

பதில் 3: மறுபக்கமும் உண்டு. அடுப்பை அணைக்காமல் போனது போன்ற குடியிருப்பவரின் தவறு என்றால், காப்பீட்டு நிறுவனம் உரிமையாளருக்குப் பணம் கொடுத்துவிட்டு அதைக் குடியிருப்பவரிடமே வசூலிக்க வரலாம். ஒப்பந்தத்தைப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். முன்பணத்தையும், குடியிருக்க முடியாத நாட்களின் வாடகையையும் தனியாகக் கேளுங்கள்.