எல்லாம் ஒரே செயலியிலா, தனித்தனியாகவா?

கேள்வி:
மொழிபெயர்ப்பைத் தொழிலாகச் செய்துவரும் நான் குறிப்புகளுக்கு அப்சிடியனையும், பணிப்பட்டியலுக்கு டூடூயிஸ்டையும், நாட்களுக்குக் கூகுள் காலண்டரையும் பயன்படுத்துகிறேன். சென்ற வாரம் ஒரு வாடிக்கையாளர் கெடுவை இரண்டு நாள் முன்னதாக மாற்றியபோது, காலண்டரில் திருத்திவிட்டுப் பணிப்பட்டியலை மறந்துவிட்டதால், 40 பக்கங்களை ஒரே இரவில் முடிக்க நேர்ந்தது. அனைத்தையும், இவை மூன்றையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ள உதவும் நோஷன் செயலிக்கு மாற்றிவிடலாமா?

மறுமொழி 1:
ஒரே தேதியை இரண்டு இடங்களில் எழுதியதுதான் சிக்கல். டூடூயிஸ்டைக் காலண்டருடன் இணைத்துவிட்டால், நேரம் குறித்த பணிகள் அங்கும் தாமாகவே தோன்றும்.

மறுமொழி 2:
நோஷனில் ஒவ்வொரு பணியையும் ஒரே ஒரு முறை பதிந்தால் போதும். அதையே அட்டவணையாகவும் காலண்டராகவும் பார்க்கலாம் என்பதால், தேதி முரண்பட வழியே இல்லை. ஆனால் பக்கங்களை அழகுபடுத்துவதிலேயே பொழுது போய்விடும், கவனம் தேவை.

மறுமொழி 3:
ஒரு செயலியை விட்டு வெளியேறும் வழியையும் பாருங்கள். எவர்நோட் என்ற குறிப்புச் செயலி 2023 டிசம்பரில் இலவசக் கணக்குகளை 50 குறிப்புகளுக்குள் சுருக்கியபோது பலர் திகைத்துப்போனார்கள். அப்சிடியன் குறிப்புகளோ உங்கள் கணினியிலேயே சாதாரண உரைக்கோப்புகளாக இருப்பவை. பல ஆண்டுகளாகச் சேர்த்த கலைச்சொற்களை அங்கேயே விட்டுவிட்டு, கெடுக்களை மட்டும் நோஷனுக்குக் கொண்டுபோங்கள்.