ஏற்காடு: நீர் ஊறி வளைந்த தேக்குத் தரையைக் காப்பாற்ற இயலுமா?

கேள்வி: மலைவீட்டுக்காரர், ஏற்காடு

வணக்கம். எங்கள் பழைய வீட்டின் படுக்கையறைக்கும் குளியலறைக்கும் இடைப்பட்ட சுவருக்குள் குழாய் கசிந்திருக்கிறது. வடகிழக்குப் பருவமழையின் ஈரம்தான் என்று எண்ணியிருந்ததால் அது வெகுநாள் தெரியவில்லை. குழாயை மாற்றிவிட்டோம். ஆனால் படுக்கையறையின் தேக்குப் பலகைகள் ஓரம் உயர்ந்து நடுவில் குழிந்துள்ளன. பக்கத்து அறையின் லேமினேட் தரை இணைப்புகளில் உப்பியிருக்கிறது. கூடத்து ரெட் ஆக்சைடு தரையில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. உடனே இழைத்துப் பாலிஷ் போட்டுவிடலாம் என்கிறார் ஆசாரி. தாத்தா காலத்துத் தேக்கு. அதை இழக்க எங்களுக்கு மனமில்லை.

பதில்: கட்டடப் பொறியாளர், சேலம்

ஐயா, இப்போது இழைக்க விடாதீர்கள். பலகையின் அடிப்பக்கம் மேற்பக்கத்தைவிட அதிக ஈரத்தை உறிஞ்சி விரிந்ததால்தான் ஓரங்கள் உயர்ந்துள்ளன. அந்த ஓரங்களை இன்று சீவிவிட்டால், அடி ஈரம் வற்றிப் பலகை தன் பழைய வடிவுக்குத் திரும்பும்போது ஓரம் தாழ்ந்து நடு மேடாகிவிடும். பொறுமையாக உலரவிட்டால் வளைவு பெருமளவு தானாகவே குறையும். மிஞ்சியதை மட்டும் பிறகு இழைத்தால் போதும். சுவரோர ஸ்கர்ட்டிங்கைக் கழற்றி, ஒன்றிரண்டு பலகைகளைப் பெயர்த்து அடியில் காற்றுப் புக வழிசெய்யுங்கள். ஹீட்டர் வைத்து அவசரப்படுத்தினால் மரம் வெடிக்கும்.

லேமினேட்டுக்கு அந்த வாய்ப்பில்லை. மரநாரை அழுத்திச் செய்த பலகை ஒருமுறை உப்பினால் பழைய நிலைக்குத் திரும்பாது. அதையும், நீரைத் தேக்கிவைக்கும் அடி நுரைவிரிப்பையும் அகற்றிவிடுங்கள். புதிய தரை போடும் முன், ஒன்றரை அடிச் சதுரப் பாலித்தீன் தாளைச் சிமெண்ட் தளத்தின் மேல் பரப்பி, நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். தாளின் அடியில் நீர்த்துளி கண்டாலோ தளம் கறுத்திருந்தாலோ ஈரம் இன்னும் வற்றவில்லை.

பதில்: காப்பித் தோட்டத்துக்காரர், ஏற்காடு

பொறியாளர் சொல்வதோடு நம் ஊர் நிலவரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சுமார் 1500 மீட்டர் உயரத்தில், மூடுபனி இறங்கும் வேளையில் ஜன்னலைத் திறந்துவைத்தால் அறை உலராது. வெளியிலிருக்கும் ஈரம்தான் உள்ளே வரும். வெயில் தெளிந்த நண்பகலில் திறந்து, மற்ற நேரம் மூடி, அறைக் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டிஹியூமிடிஃபையர் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஓட்டுங்கள். இழைக்கும் வேலையை மாசி, பங்குனிக்குத் தள்ளிவைப்பதே நல்லது. பலகையைப் பெயர்க்கும்போது அதைத் தாங்கும் சட்டங்களை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். முனை எளிதில் இறங்கினால் அந்தச் சட்டம் உளுத்திருக்கிறது. அதை மாற்றாமல் மேலே பாலிஷ் போடுவது வீண்செலவு.

மலைவீட்டுக்காரர்

இருவருக்கும் மிக்க நன்றி. ஆசாரியை நிறுத்திவிட்டேன். கூடத்துத் தரையை ஆசிட் ஊற்றிக் கழுவலாமா?

பதில்: கட்டடப் பொறியாளர், சேலம்

கூடவே கூடாது. அந்தப் பூச்சு சிமெண்டால் ஆனது. ஆசிட் அதையே அரித்துவிடும். தண்ணீர் விட்டுக் கழுவினாலும் உப்புக் கரைந்து மறுபடியும் தரைக்குள் இறங்கும். காய்ந்த தூரிகையால் தேய்த்து அள்ளிவிடுங்கள். ஈரம் வற்றும்வரை உப்புத் திரும்பத் திரும்பப் பூக்கும், ஒவ்வொரு முறையும் அவ்வாறே அகற்றுங்கள். உப்புப் பூப்பது நின்ற பிறகு, மரக்கைப்பிடியால் தட்டிப் பார்த்து, பொள்ளலாக ஒலிக்கும் இடங்களை மட்டும் வெட்டியெடுத்து, ஆக்சைடு வேலை தெரிந்த கொத்தனாரைக் கொண்டு ஒட்டுப்போடுங்கள். நிறம் முழுமையாகப் பொருந்தாது. முதலில் ஒரு மூலையில் மாதிரி போட்டுக் காய்ந்தபின் பார்த்துக்கொள்ளுங்கள். மெழுகு பூசுவது அனைத்துக்கும் கடைசியில்தான்.