69 வயது அப்பா, தினமும் ஒரு குவார்ட்டர். எப்படி நிறுத்துவது?

சோமனூர் மகள்

வணக்கம். அப்பா கோயம்புத்தூரில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தவரை சனிக்கிழமை மட்டும்தான் குடிப்பார். புரோட்டா பார்சலோடு வந்து தூங்குகிற எங்களை எழுப்பிச் சாப்பிட வைப்பார். சண்டை, சச்சரவு எதுவும் கிடையாது. அம்மா போன பிறகு இது தினசரி ஆகிவிட்டது. டாஸ்மாக் 12 மணிக்குத் திறக்கும் என்றால், பதினொன்றே முக்காலுக்கே சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுகிறார்.

கேட்டால், "அதே குவார்ட்டர்தானே, அளவைக் கூட்டவே இல்லையே" என்கிறார். ஆனால் காலையில் டீ டம்ளரைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருக்கிறது. போன மாதம் குளியலறையில் விழுந்து பின்மண்டையில் நல்ல அடி. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை போடுகிறார், மத்தியானச் சோறு பாதி நாள் இறங்குவதில்லை. பத்து நாள் லீவு போட்டு வந்து அறையில் பூட்டி வைத்து நிறுத்திவிடுவோம் என்கிறான் அண்ணன். பக்கத்து வீட்டு அக்கா, தெரியாமல் சோற்றில் கலக்கும் மாத்திரை வாங்கித் தருவதாகச் சொல்கிறார். இரண்டில் எது நல்லது?

பொள்ளாச்சிக்காரன்

சகோதரி, பூட்டி வைக்கும் வேலை மட்டும் வேண்டாம். எங்கள் பெரியப்பாவை அவர் பிள்ளைகள் அப்படித்தான் செய்தார்கள். மூன்றாம் நாள் ராத்திரி சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது என்று கையால் தட்டிக்கொண்டே இருந்தார். விடியற்காலையில் வலிப்பு. 108 வந்து தூக்கிப் போய் ஐசியூவில் சேர்த்தார்கள். பிழைத்தார், ஆனால் பழைய மனிதராக எழுந்து வரவில்லை.

ஓய்வுபெற்ற நர்ஸ்

கண்ணு, இரண்டுமே வேண்டாம். அரசு மருத்துவமனையில் குடிநோய் வார்டிலும் வேலை பார்த்தவள் சொல்கிறேன்.

உங்கள் அப்பா பொய் சொல்லவில்லை. பாட்டில் அதேதான், உடம்புதான் அதே இல்லை. ஒரு குவார்ட்டரில் 180 மில்லி. அதில் சுத்த ஆல்கஹால் மட்டும் ஏறக்குறைய 60 கிராம். வயதாக ஆக உடம்பில் நீர்ச்சத்து குறையும், தசை வற்றும். அதனால் அதே சரக்கு ரத்தத்தில் கூடுதலாக நிற்கும். நாற்பது வயதில் தாங்கியது எழுபதில் தாங்காது. சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு சோறு இல்லாமல் குடித்தால் ராத்திரியில் சர்க்கரை சடாரென்று இறங்கும். வியர்த்து உளறுவார், வீட்டில் போதை என்று நினைத்துப் போர்த்திவிட்டுப் போவார்கள். அப்படி வந்த கேஸ்களை வார்டில் பார்த்திருக்கிறேன்.

காலையில் கை நடுங்குவது, உடம்பு சரக்குக்குப் பழகிவிட்டதன் அடையாளம். இந்த நிலையில் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்போ சித்தப்பிரமையோ வரலாம், உயிரே போகலாம். ஆஸ்பத்திரியில் நடுக்கத்துக்கு மாத்திரை கொடுத்து ஒரு வாரம் போலப் படிப்படியாகக் குறைப்பார்கள், வைட்டமின் பி1 ஊசி போடுவார்கள். மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை வாங்கி நீங்களாகக் கொடுக்கக் கூடாது.

பக்கத்து வீட்டம்மா சொல்வது அநேகமாக டைசல்ஃபிராமாக இருக்கும், மேலே குடித்தால் உடம்புக்கு முடியாமல் செய்து குடியை விட வைக்கும் மாத்திரை. அது, குடிப்பவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு, டாக்டர் கண்காணிப்பில் தரவேண்டிய மருந்து. தெரியாமல் கலந்து, மேலே அவர் குடித்தால் பிரஷர் சரிந்துவிடும். இந்த வயது இதயத்துக்கு அது ஆகாது.

ஒன்று சொல்கிறேன், மனதில் வையுங்கள். வாலிபத்திலிருந்தே தினமும் குடித்தவர்களைவிட, வேலை போய், மனைவி போய், அதன்பின் இதில் விழுந்தவர்கள் சிகிச்சைக்கு நன்றாக இணங்குவார்கள். உங்கள் அப்பா இரண்டாவது வகை.

சோமனூர் மகள்

நன்றி அம்மா, அண்ணனுக்கு இதை அப்படியே அனுப்பிவிட்டேன். ஆனால் அப்பா வரவேண்டுமே? குடியை நிறுத்த மனநலப் பிரிவுக்குப் போகலாம் என்றாலே "நான் என்ன பைத்தியமா" என்று கத்துவார்.

ஓய்வுபெற்ற நர்ஸ்

அந்தப் பேச்சையே முதலில் எடுக்காதீர்கள். விழுந்த அடியைக் காட்டவும் சர்க்கரை பார்க்கவும் என்று பொது மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். மாத்திரைப் பை முழுவதும் கையில் இருக்கட்டும். எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். இவ்வளவு வயதானவரிடம் டாக்டர்கள் பாதிப் பேர் அதைக் கேட்கவே மாட்டார்கள். மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுக்க வேண்டியது அந்தப் பொது மருத்துவர் வேலை. நடுவில் சந்தேகம் வந்தால் அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மனாஸுக்குப் போன் செய்யுங்கள், தமிழிலேயே பேசுவார்கள். இதற்காகக் காசு கிடையாது.

அப்புறம் அந்தப் பன்னிரண்டு மணி. அவருக்கு அந்த நேரத்தில் வீட்டில் பேச ஆளில்லை என்று நினைக்கிறேன். முடிந்தால் மத்தியானச் சாப்பாட்டை பதினொன்றரைக்கே வைத்து, நீங்களோ பேரப் பிள்ளையோ கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள். வயிறு நிறைந்திருந்தாலே கொஞ்சம் குறையும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி. விழுந்த பிறகு தலைக்கு ஸ்கேன் எடுத்தீர்களா? குடிக்கிற வயதானவர்களுக்கு மூளை சுருங்கியிருக்கும், சின்ன அடியிலும் ரத்தம் மெதுவாகக் கசிந்து வாரக்கணக்கில் சேரும். பகலெல்லாம் தூக்கம், தலைவலி, வாந்தி, ஒரு காலை இழுத்து நடப்பது, பேச்சு தடுமாறுவது, இதில் ஏதாவது இருந்தால் போதை என்று விட்டுவிடாதீர்கள். அண்ணன் வரும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.