இராஜாஜியைப் பழமைவாதி என்று சொல்வது எந்த அளவுக்குச் சரி?

கேள்வி — வாசகவட்டம்

எங்கள் கல்லூரி வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் இராஜாஜியின் அரசியல் வாழ்வைப் பற்றி ஒரு கலந்துரையாடல் நடக்க இருக்கிறது. அதற்காகப் படிக்கத் தொடங்கியதிலிருந்து ஒரு குழப்பம் என்னை விடவில்லை. 1953ஆம் ஆண்டின் ஆரம்பக் கல்வித் திட்டத்தை வைத்து அவரைச் சாதியப் பழமைவாதி என்றே தமிழ்நாட்டில் பெரும்பாலோர் நினைவு வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர்தான் 1933இல் தம் மகள் லட்சுமியைச் சாதி கடந்து காந்தியின் மகன் தேவதாஸுக்கு மணமுடித்துக் கொடுத்தார். 1939இல் வைத்தியநாதய்யரின் தலைமையில் ஒடுக்கப்பட்ட சாதியினர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தபோது, அதில் ஈடுபட்டவர்கள்மீது வழக்கு பாயாதபடி அவசரச் சட்டமும் கொண்டுவந்தார். இவற்றையெல்லாம் ஒரே மனிதரின் கொள்கையாகப் பார்க்க முடியுமா? பொதுப்பணி என்பதை அவர் எவ்வாறு புரிந்துகொண்டிருந்தார், அந்தப் புரிதலில் அவருடைய வளர்ப்புக்கு என்ன பங்கு இருந்தது என்பதையும் விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

பதில் 1 — பழைய ஏடு

ஒரே மனிதரின் கொள்கையாகப் பார்க்க முடியும் என்றே நினைக்கிறேன். ஆனால் பழமைவாதம் என்றால் இருப்பதை அப்படியே காப்பது என்று வைத்துக்கொண்டால் அவர் அதற்குள் அடங்க மாட்டார். சமூகம் தன் கடமையைத் தானே உணர்ந்து செய்ய வேண்டும், அரசு அந்தக் கடமையைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொள்ளக் கூடாது, மாற்றம் வருவதாக இருந்தால் பாதிக்கப்படுகிறவர்களின் இசைவோடு படிப்படியாக வர வேண்டும் என்பதே அவருடைய பழமைப்பற்றின் உட்கரு.

கோயில் நுழைவையே எடுத்துக்கொள்ளுங்கள். மதுரை நிகழ்ச்சிக்கு முந்தைய ஆண்டு, 1938இல், மாகாணம் முழுவதற்கும் பொருந்தும் ஒரு கோயில் நுழைவு மசோதாவை ஒடுக்கப்பட்டோர் தலைவரான எம்.சி. ராஜா சட்டசபையில் கொண்டுவந்தார். பிரதமராக இருந்த இராஜாஜி (அன்று மாகாணத் தலைமை அமைச்சரைப் பிரதமர் என்றே அழைத்தார்கள்) அதை ஏற்கவில்லை. அதற்கு மாற்றாக மலபாருக்கு மட்டும், அதுவும் அந்தந்த வட்டாரத்து இந்து வாக்காளர்களின் ஒப்புதலைக் கேட்ட பிறகே கோயிலைத் திறக்கலாம் என்ற முறையில் ஒரு சட்டத்தை நிறைவேற்றினார். மதுரையில் கோயில் திறந்துவிட்டது என்று தெரிந்ததும் அதைக் காக்க அவர் தயங்கவில்லை. முதலில் இசைவு, பிறகு சட்டம் என்பதே அவருடைய வரிசை.

பொதுப்பணியைப் பற்றிய அவருடைய எண்ணத்தை அவர் வகித்த பதவிகளில் தேடுவதைவிட, 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் அவர் தொடங்கிய காந்தி ஆசிரமத்தில் தேடுவது நல்லது. வழக்கறிஞர் தொழிலில் நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தவர், சேலம் நகராட்சித் தலைவராகவும் இருந்தவர், அதையெல்லாம் விட்டுவிட்டுக் கிராமத்துப் பெண்களுக்குப் பஞ்சு கொடுத்து நூற்கச் செய்து கூலி தரும் வேலைக்கு வந்து உட்கார்ந்தார். குடியைத் தடுக்கும் இயக்கமும் அங்கிருந்துதான் நடந்தது. 1937இல் ஆட்சிக்கு வந்தவுடன் அக்டோபர் முதல் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை அமல்படுத்தியதற்கு அந்தப் பன்னிரண்டு ஆண்டுப் பழக்கமே காரணம். அதனால் விழுந்த வருவாய்த் துண்டை ஈடுகட்ட 1939இல் அவர் கொண்டுவந்த விற்பனை வரி, இந்தியாவிலேயே அவ்வகையில் முதலாவது பொது வரி. மதுவை வெறுத்த ஒருவரின் மனச்சாட்சிதான் பிற்காலத்தில் எல்லா மாநிலங்களின் கருவூலத்தையும் நிரப்பிய வரிக்கு வழிவிட்டது என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகத் தோன்றும்.

பதில் 2 — தறிக்குழி

மேலே எழுதியவர் தரும் உருவம் அழகாக இருக்கிறது. ஆனால் 'பாதிக்கப்படுகிறவர்களின் இசைவு' என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன். யாருடைய இசைவு? மலபாரில் வாக்காளர்களின் ஒப்புதல் கேட்கப்பட்டது என்றால், சொத்தையும் வரியையும் வைத்து வாக்குரிமை தரப்பட்ட அந்தக் காலத்தில், கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களில் எத்தனை பேர் அந்தப் பட்டியலில் இருந்திருப்பார்கள்? அனுமதி மறுத்துக்கொண்டிருந்தவர்களிடமே அனுமதி கேட்பதுதான் இசைவு என்றால், அந்தச் சொல்லுக்கு எடை குறைந்துபோகிறது.

அதைக்கூட விட்டுவிடலாம். 1953இல் அவர் யாரிடம் இசைவு கேட்டார்? கிராமப்புற ஆரம்பப் பள்ளிகளில் நாளுக்கு ஐந்து மணி நேரமாக இருந்த பாடத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்து, பிள்ளைகளைக் காலைப் பிரிவு, மாலைப் பிரிவு என்று இரண்டாகப் பிரித்து, மிச்ச நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது அந்தத் திட்டம். இருக்கிற ஆசிரியர்களையும் கட்டடங்களையும் கொண்டே இரு மடங்கு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லலாம் என்று கணக்குச் சொல்லப்பட்டது. அந்தக் கணக்கில் தவறில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் திட்டம் சட்டசபையில் முன்கூட்டி விவாதிக்கப்படவில்லை. 1952 தேர்தலில் காங்கிரஸுக்குப் பெரும்பான்மை கிடைக்காத நிலையில், தேர்தலிலேயே நிற்காத இராஜாஜி மேலவைக்கு நியமிக்கப்பட்டு முதலமைச்சரானவர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

நான் சேலம் மாவட்டத்து நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் வீடுகளில் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் தார் சுற்ற உட்கார்வார்கள். பாவு ஓட்டும் நாளில் பள்ளிக்கே போக மாட்டார்கள். தொழிலைக் கற்பதற்கு அரசு நேரம் ஒதுக்கித் தர வேண்டிய அவசியம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கிடைக்காமல் இருந்தது கரும்பலகையின் முன்னால் உட்காரும் நேரம்தான், அதிலிருந்துதான் இரண்டு மணி நேரத்தை அந்தத் திட்டம் எடுத்துக்கொண்டது. நகராட்சிப் பள்ளிகளுக்கு அது பொருந்தாது என்பதும், குமாஸ்தாவின் மகனுக்கும் வக்கீலின் மகனுக்கும் முழு நாள் பள்ளி தொடர்ந்தது என்பதும் எங்கள் பெரியவர்களுக்கு ஆறாத வடுவாகவே இருந்தன. குலக்கல்வி என்று பெயர் சூட்டியது எதிர்க்கட்சிகள்தான். ஆனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் வெறும் பிரச்சாரம் அல்ல.

பதில் 3 — கிழக்கு வாசல்

இருவருமே ஒரு முக்கியமான முரண்பாட்டைத் தொடவில்லை. 1959இல் நாகபுரி காங்கிரஸ் மாநாடு, நிலங்களை ஒன்றுசேர்த்துக் கூட்டாகப் பயிரிடும் கூட்டுறவுப் பண்ணைத் தீர்மானத்தை நிறைவேற்றிய சில மாதங்களில், எண்பது வயதில், மினு மசானி, என்.ஜி. ரங்கா ஆகியோருடன் சேர்ந்து சுதந்திராக் கட்சியைத் தொடங்கிய இராஜாஜி, தனிச்சொத்தையும் ஒப்பந்தத்தையும் அரசு தொடக் கூடாது என்றார்; எதற்கெடுத்தாலும் அதிகாரியின் கையெழுத்தைத் தேட வைக்கும் ஆட்சியைப் பெர்மிட் – லைசென்ஸ் – கோட்டா ராஜ்யம் என்று சாடினார். ஆனால் 1938இல் அவருடைய அரசு நிறைவேற்றிய விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் என்ன செய்தது? 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய கடனாக இருந்தால், 1937 அக்டோபர் முதல் தேதியில் நிலுவையாக இருந்த வட்டி முழுவதும் தள்ளுபடி. அதோடு, முதலைப் போல் இரு மடங்கை விவசாயி ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. 1928இல் நூறு ரூபாய் வாங்கிய ஒருவர் அதுவரை இருநூறு கட்டியிருந்தால், பத்திரத்தில் இன்னும் எவ்வளவு பாக்கி எழுதியிருந்தாலும் கடன் கொடுத்தவர் அதைக் கிழித்துப் போட வேண்டியதுதான். ஒப்பந்தத்தில் அரசு தலையிடுவதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு கிடைக்குமா?

இந்தியும் அப்படியே. 1938இல் பள்ளிகளில் அதைக் கட்டாயமாக்கி, எதிர்த்தவர்களைக் காங்கிரஸே முன்பு கண்டித்த குற்றவியல் திருத்தச் சட்டத்தின் கீழ்ச் சிறையில் அடைத்தவர், 1965இல் இந்தி மட்டும் ஆட்சிமொழி ஆவதை எதிர்த்த முன்வரிசைத் தலைவர்களில் ஒருவராக நின்றார். தமக்கு நல்லது என்று பட்டதைச் சட்டத்தால் திணிக்க அவர் தயங்கியதே இல்லை. அதிகாரம் பிறர் கையில் இருந்தபோதுதான் அரசின் அத்துமீறல் அவர் கண்ணுக்குத் தெரிந்தது என்பது என் கணிப்பு. சற்றுக் கடுமையாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாசகவட்டம்

மூவருக்கும் நன்றி. கடன் நிவாரணச் சட்டத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை. வளர்ப்பைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லையே?

பதில் 4 — பழைய ஏடு

தறிக்குழி ஐயா 1953ஐப் பற்றிச் சொன்னதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. அந்த ஆண்டில் அவர் தம்முடைய வரிசையைத் தாமே தலைகீழாக்கினார். முதலில் ஆணை, பிறகு எதிர்ப்பு, அதன் பிறகுதான் திட்டத்தை ஆராயப் பருலேக்கர் தலைமையில் குழு. 1954 ஏப்ரலில் அவர் பதவி விலகவும், அடுத்து வந்த காமராஜர் அந்தத் திட்டத்தைக் கைவிடவும் நேர்ந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஆனால் கிழக்கு வாசலின் கணிப்பை நான் பாதிதான் ஏற்பேன். அதிகாரம் தம் கையில் இருந்தபோதே, 1952இல், பதவியேற்ற சில வாரங்களில் உணவுதானியக் கட்டுப்பாட்டை நீக்கியவர் அவர். பஞ்சம் வந்துவிடும் என்று பலரும் அஞ்சிய நேரத்தில் எடுத்த முடிவு அது. அரசின் கை குறுக வேண்டும் என்பது எதிர்க்கட்சியில் இருந்தபோது மட்டும் அவர் பேசிய பேச்சு அல்ல.

வளர்ப்புக்கு வருகிறேன். 1878இல் ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் பிறந்தார். தந்தை சக்கரவர்த்தி வேங்கடார்யர் அந்த ஊர் முன்சீப். கிராம முன்சீப் என்பது பெரிய செல்வத்துக்கான பதவி அல்ல. வரி வசூலித்துக் கணக்கு ஒப்படைப்பதும் சில்லறை வழக்குகளைக் கேட்டுத் தீர்ப்பதும் அவர் வேலை. ஊரும் அதிகாரமும் முகத்துக்கு முகம் சந்திக்கும் இடம் அது. தீர்ப்புச் சொல்கிறவரை ஊருக்குத் தெரியும், வழக்காடுகிறவரை அவருக்குத் தெரியும். தொலைவிலிருந்து ஆளும் அதிகாரியின்மேல் இராஜாஜிக்கு வாழ்நாள் முழுவதும் இருந்த ஐயத்துக்கு அந்தத் திண்ணையில் ஒரு தொடக்கம் இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். அவரே அப்படிச் சொன்னதாக நான் எடுத்துக்காட்ட மாட்டேன். அந்த வளர்ப்பின் குறையும் அதிலேயே இருக்கிறது. ஊரில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலையும் ஓர் இடமும் உண்டு என்பது முன்சீப் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தால் ஒழுங்காகத் தெரியும். தறிக்குழியில் உட்கார்ந்து பார்த்தவருக்கு அது எப்படித் தெரிந்தது என்பதை மேலே படித்துவிட்டீர்கள்.

மனைவி அலமேலு மங்கம்மாள் அவருடைய நடுவயதுக்கு முன்பே மறைந்துவிட்டார். ஐந்து குழந்தைகளை வைத்துக்கொண்டே சிறைக்கும் ஆசிரமத்துக்கும் போனார். எளிமை, கட்டுப்பாடு, குடி கூடாது என்று அவர் பிறருக்குச் சொன்னவற்றைத் தம் வீட்டில் நடத்திக் காட்டினார் என்பதில் அவருடைய எதிரிகளுக்கும் சந்தேகம் இருந்ததில்லை. 1937 காங்கிரஸ் அமைச்சர்கள் மாதம் ஐந்நூறு ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்குவதில்லை என்ற கட்டுப்பாடு அவருக்குப் பாரமாக இருந்திருக்காது.

பதில் 5 — தறிக்குழி

அந்த நேர்மையை நானும் மறுக்கவில்லை. 1971இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டபோது, தொண்ணூறைத் தாண்டிய வயதில், வேண்டாம் என்று கேட்டுக்கொள்ள முதல்வர் கருணாநிதியின் வீட்டுக்கே போனவர் அவர். கருணாநிதியின் கட்சியான தி.மு.க.வின் வெற்றிக்கு 1967இல் தோள் கொடுத்தவரும் அவர்தான். ஆனால் அந்தக் கோரிக்கை ஏற்கப்படவில்லை. உங்கள் கலந்துரையாடலில் 1938இன் மலபார்ச் சட்டத்தையும் 1953இன் பள்ளித் திட்டத்தையும் அருகருகே வைத்துப் பேசுங்கள். இரண்டின் சட்டமன்ற விவாதங்களும் அச்சில் உள்ளன. பிறர் எழுதிய சுருக்கங்களை நம்புவதைவிட அவற்றை நேரடியாகப் படித்துவிட்டுப் போனால், எங்கள் இருவரில் யார் சொல்வது பொருந்துகிறது என்று உங்கள் நண்பர்களே முடிவு செய்துகொள்வார்கள்.