‘மலாய்’ என்ற சொல் ‘மலை’யிலிருந்து வந்ததா? மலாய், மலாயர், மலாயா: எங்கே எது?

கேள்வி: பொருநை

தென்கிழக்காசிய வரலாற்று நூல் ஒன்றைத் தமிழாக்கம் செய்துகொண்டிருக்கிறேன். இரண்டு இடங்களில் இடிக்கிறது. ஒன்று, ‘மலாய்’ என்பது ‘மலை + ஊர்’ என்ற தமிழிலிருந்து பிறந்தது என்று மூல நூல் போகிற போக்கில் சொல்லிவிடுகிறது, சான்று காட்டவில்லை. அடிக்குறிப்பில் என்ன எழுதலாம்? மற்றொன்று, மூலத்தில் மலே, மலேயன், மலேசியன் என்று மூன்றும் மாறி மாறி வருகின்றன. எல்லாவற்றுக்கும் ‘மலாய்’ என்றே போட்டால் பொருள் கெடுகிறதா?

பதில்: கல்லெழுத்து

முதல் கேள்விக்கு மட்டும் வருகிறேன். ‘மலையூர்’ என்ற வடிவத்துக்குக் காட்டப்படும் சான்று தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி (1030-31). 1025 கடற்படையெடுப்பில் வென்ற ஊர்களின் வரிசையில் ‘வன்மலையூர் எயிற் தொன்மலையூரும்’ என்று வருகிறது. இதை வைத்து, ஊருக்குப் பெயர் வைத்தவர்களே தமிழர்கள் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அங்கேதான் தவறு.

அதே வரிசையில் ‘கலைத்தக்கோர் புகழ் தலைத்தக்கோலமும்’ என்றும் இருக்கிறது. தக்கோலம் என்ற ஊர்ப்பெயருக்கும் ‘தக்கோர்’ என்ற சொல்லுக்கும் உறவில்லை. ஓசைக்காகக் கவிஞர் அடைமொழி கோத்திருக்கிறார். ‘துறைநீர்ப் பண்ணை’யும் அப்படித்தான்: சுமத்திராவின் ஊர்ப்பெயர், தமிழில் நீர்நிலையைக் குறிக்கும் ‘பண்ணை’ போல ஒலித்ததால் துறைநீர் சேர்ந்துகொண்டது. மலையூரையும் இந்தக் கண்ணோடு படியுங்கள். கேட்ட அயற்பெயரைத் தமிழ்க் காதுக்கு ஏற்ப எழுதியதே அது.

காலமும் ஒத்துவரவில்லை. சீனாவின் தாங் அரசவைக்கு ‘மலாயு’ (மலாய் மொழியில் ‘மெலாயு’) நாட்டுத் தூதர் வந்த பதிவு 644-645ஐச் சேர்ந்தது. 671இல் புறப்பட்ட பௌத்தத் துறவி இத்சிங், சுமத்திராவின் ஸ்ரீவிஜயத்தில் ஆறு மாதம், மலாயுவில் இரண்டு மாதம் தங்கிவிட்டுக் கடாரம் (இன்றைய கெடா) போனார். தஞ்சைக் கல்வெட்டுக்கு ஏறத்தாழ நாலு நூற்றாண்டு முந்திய இந்தப் பதிவுகளில் இறுதி ‘ர்’ இல்லை. 1286ஆம் ஆண்டின் பாடாங் ரோச்சோ கல்வெட்டும் ‘பூமி மாலாயு’ என்றே சொல்கிறது. சாவகத்தின் (ஜாவாவின்) அரசன் கீர்த்தநகரன் அனுப்பிய அமோகபாசர் என்ற பௌத்த போதிசத்துவர் சிலையின் பீடத்தில் உள்ளது அது. இடம், சுமத்திராவின் பாத்தாங்ஹாரி ஆற்றின் மேற்பகுதி. அதே ஆற்றின் கீழ்ப்பகுதியில், மலாயுவின் மையமாகப் பெரும்பாலோர் கருதும் மூவாரா ஜாம்பி, தாழ்வான ஆற்றுச் சமவெளி, மலையே கிடையாது.

மாற்று விளக்கங்களையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். சாவக மொழியில் ‘ம்லாயு’ என்றால் ஓடுதல். சுமத்திராவின் பலெம்பாங்கிலிருந்து தப்பி ஓடி, பிறகு மலாக்காவை நிறுவிய பரமேசுவரனால் வந்த பெயர் என்பார்கள். அவர் காலம் 14ஆம் நூற்றாண்டின் இறுதி. பெயரோ எழுநூறு ஆண்டு மூத்தது. மலாய் வரலாற்று நூலான ‘செஜாரா மெலாயு’ பலெம்பாங் பகுதியில் ‘மெலாயு’ என்றொரு கிளையாற்றைச் சொல்கிறது. மலாயில் ‘லாஜு’ என்றால் விரைவு. அதனால் விரைந்தோடும் ஆறு என்று சிலர் பொருள் காண்கிறார்கள். ஆற்றுப்பெயர் நாட்டுப்பெயர் ஆவது இயல்பு என்பதால் எனக்கு அது பக்கம் சாய்வு உண்டு. ஆனால் ‘லாஜு’ தொடர்பு முடிந்த முடிவு அல்ல.

அடிக்குறிப்புக்கு: “மெலாயு முதலில் சுமத்திராவில் இருந்த ஒரு நாட்டின் பெயர், 7ஆம் நூற்றாண்டு முதல் சான்று உண்டு; சொற்பிறப்பு உறுதியாகவில்லை; மலையூர் அதன் தமிழ் வடிவம்.” இது போதும்.

பதில்: கிள்ளான் வாசகன்

இரண்டாவது கேள்விக்கு. பொருள் நிச்சயம் கெடும். மலே = மலாய் (மொழி), மலாய்க்காரர் அல்லது மலாயர் (மக்கள்). மலேயன் என்பது 1963க்கு முந்திய அரசியல் எழுத்தில் பெரும்பாலும் நாட்டைக் குறிக்கும், இனத்தை அல்ல. ‘மலாயா’ என்று போடுங்கள். 1946இல் தொடங்கிய கட்சி மலாயா இந்தியர் காங்கிரஸ். அதை ‘மலாய் இந்தியர்’ என்று எழுதினால் அபத்தம். 16.9.1963க்குப் பிறகு நாடு மலேசியா, குடிமக்கள் மலேசியர். சீனர், தமிழர், போர்னியோ பகுதியின் இபான், கடசான் மக்கள் எல்லோரும் மலேசியர்; மலாய்க்காரர் அல்லர்.

ஒரு பொறி: 1913ஆம் ஆண்டின் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டத்தில் ‘மலேயன் இனம்’ என்று வரும். அங்கே அது நாடு அல்ல. சாவகர், பூகிஸ் போன்றோரையும் அணைத்துக்கொள்ளும் பரந்த இனப்பெயர். அந்த இடத்தில் ‘மலாய் இனக்குழுக்கள்’ பொருந்தும்.

பொருநை

இருவருக்கும் நன்றி. ஓர் அத்தியாயத்தில் ‘மலாய்க்காரர் எல்லோரும் முஸ்லிம்கள்’ என்று இருக்கிறது. அடுத்த அத்தியாயத்தில் பிலிப்பைன்ஸ் கத்தோலிக்கரையும் அதே சொல்லால் குறிப்பிடுகிறார். ஆசிரியரின் பிழையா?

பதில்: சட்டக்குறிப்பு

பிழை இல்லை, இரண்டு வேறு பொருள். முதலாவது மலேசியச் சட்டப் பொருள். அரசியலமைப்பின் 160(2) விதிப்படி மலாய்க்காரர் என்பவர் இஸ்லாமைப் பின்பற்றி, வழக்கமாக மலாய் பேசி, மலாய் வழக்காறுகளைக் கடைப்பிடிப்பவர். அதோடு, விடுதலை நாளான 31.8.1957க்கு முன் மலாயாக் கூட்டமைப்பிலோ சிங்கப்பூரிலோ பிறந்தவர், அங்கே பிறந்த பெற்றோரில் ஒருவரையாவது கொண்டவர், அந்நாளில் அங்கே நிலைத்து வாழ்ந்தவர், அல்லது இவர்களின் வழித்தோன்றல் என்பதும் வேண்டும். ஆகவே இஸ்லாமைத் தழுவுவதால் மட்டும் ஒருவர் சட்டப்படி மலாய்க்காரர் ஆவதில்லை. பேச்சு வழக்கிலோ ‘மாசோக் மெலாயு’ (மலாய்க்குள் நுழைதல்) என்றாலே மதம் மாறுதல் என்று பொருள். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்ட மொழிபெயர்ப்புகள் ஏராளம்.

சிங்கப்பூர் அரசியலமைப்பில் சமய நிபந்தனையே இல்லை. தன்னை மலாய்ச் சமூகத்தவராகக் கருதி, அச்சமூகமும் ஏற்றுக்கொண்டால் போதும் (39A விதி). இந்தோனேசியாவில் சாவகர், மினாங்கபாவ் போல மெலாயுவும் ஓர் இனக்குழு. சுமத்திராவின் ரியாவ், ஜாம்பி பக்கம் வாழ்பவர்கள்.

பிலிப்பைன்ஸ் பொருள் ஐரோப்பாவிலிருந்து வந்தது. ஜெர்மானியரான புளூமென்பாக் 1795இல் மனிதரை ஐந்து வகையாகப் பிரித்து, தென்கிழக்காசியத் தீவுக்கூட்ட மக்களையும் பசிபிக் மக்களையும் ‘மலாய்’ என்ற ஒரே தலைப்பில் போட்டார். அந்த வகைப்பாடு அறிவியலில் செத்துவிட்டது, சொல் மட்டும் தங்கிவிட்டது. உங்கள் நூலில் அந்த இடத்துக்கு ‘மலாய் இனம் என அன்று வகுக்கப்பட்ட’ என்று விரித்தே எழுதுங்கள்.

பதில்: கொம்பனித்தெரு

இலங்கை பற்றிய அத்தியாயம் இருந்தால் இன்னொன்று. டச்சுக்காரர் காலத்தில் வந்து குடியேறிய இலங்கை மலாயரைச் சிங்களத்தில் ‘ஜா மினிஸு’, அதாவது சாவக மக்கள், என்பார்கள். தமிழிலும் ‘ஜாவா’ என்று குறிக்கும் வழக்கு உண்டு. எனவே இலங்கைச் சூழலில் ‘ஜாவா’ என்று வந்தால் சாவகத் தீவினர் என்று பெயர்த்துவிடாதீர்கள், இலங்கை மலாயர் என்று எழுதுங்கள். மணிமேகலையின் ‘சாவகம்’ வேறு. அதைத் தொடாமல் விடுங்கள்.