பொருள்: 'ஃபென்ஸ்' – வேலி வேண்டாம், வேறு சொல் வேண்டும்

(தலவாக்கலையிலிருந்து)

எல்லோருக்கும் வணக்கம்.

கிராஃபிக்ஸ் இயக்கி (டிரைவர்) எழுதப் பழகுபவர்களுக்காக நான் எழுதிவரும் கையேட்டில் பஃபர், ஷேடர் எல்லாவற்றையும் ஒருவழியாகத் தாண்டிவிட்டேன். ஷேடரை, அதாவது படம் வரையும் சில்லில் ஓடும் சிறு நிரலை, ஷேடர் என்றே விட்டாயிற்று. அதன் வேலை இப்போது நிழலும் சாயமும் மட்டுமில்லை. வெறும் கணக்குப் போடுவதற்கும் அதைத்தான் ஓட்டுகிறோம். அந்தச் சண்டையை மறுபடி கிளப்ப வேண்டாம். இப்போது மாட்டிக்கொண்டு நிற்பது ஃபென்ஸ். நம் குழுவின் பழைய தமிழ்ச் சொற்பட்டியலில் யாரோ 'வேலி' என்று போட்டு வைத்திருக்கிறார்கள். அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதியது என்று பார்த்தவுடனே தெரிகிறது.

இங்கே மொழிக்காரர்களும் இருப்பதால் அது செய்கிற வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு கேம் ஒரு காட்சியை வரையச் சொல்கிறது. சிபியூ (கணினியின் மையச் செயலி) அந்தக் கட்டளைகளை வரிசையில் போட்டுவிட்டுத் தன் பாட்டுக்கு அடுத்த வேலைக்குப் போய்விடும். ஜிபியூ (படம் வரையும் செயலி) முடிக்கும்வரை காத்து நிற்காது. அப்படியென்றால் படம் வரைந்து முடிந்ததா இல்லையா என்பது திரையில் காட்டுகிற நிரலுக்கு எப்படித் தெரியும்? கட்டளையைப் போடும்போதே இயங்குதளத்தின் மையமான கெர்னல் ஒரு சிறு பொருளை உண்டாக்கிக் கொடுக்கிறது. அதுதான் ஃபென்ஸ். ஜிபியூ வேலையை முடித்ததும் நினைவகத்தில் ஓர் எண்ணை எழுதி ஓர் இன்டரப்டை (இடைமறித்துச் சொல்லும் அறிவிப்பை) அனுப்பும். இயக்கி அந்த எண்ணைப் பார்த்து ஃபென்ஸின் நிலையை மாற்றும்; அந்த மாற்றம் ஒரே தடவைதான். காத்திருந்தவர்கள் எழுந்து தங்கள் வேலையைத் தொடர்வார்கள். நிலை மாறாமலே போனால் திரை உறைந்து நிற்கும். காத்திருக்காமல் காட்டினால் பாதி வரைந்த படம் தெரியும்.

வேலி என்றால் தடுப்பது. இது யாரையும் தடுப்பதில்லை. காத்திருக்க வேண்டியவர் இதைப் பார்த்துக் காத்திருக்கிறார், அவ்வளவுதான். போதாததற்கு சிபியூ பக்கம் 'மெமரி ஃபென்ஸ்' என்று வேறொன்று இருக்கிறது. எழுதுவதும் வாசிப்பதும் முன்பின்னாகக் கலந்துவிடாமல் நடுவில் கோடு போடுவது அது. அதற்கு வேண்டுமானால் வேலி பொருந்தும். ஆங்கிலத்திலேயே இந்தப் பெயர் இடைஞ்சல்தான். லினக்ஸ் கெர்னலுக்குள் 2014இல் வந்தபோது வெறும் 'ஃபென்ஸ்' என்றுதான் இருந்தது. அந்தப் பொதுப்பெயரை வேறு தேவைக்கு விடுவிப்பதற்காக 2016இல் 'டி.எம்.ஏ. ஃபென்ஸ்' என்று மாற்றினார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இங்கே சித்திரைப் பின்னேரங்களில் இடி தொடங்கினால் ரவுட்டர் வயரைப் பிடுங்கிவிட்டு, பற்றரியில் ஓடும் மடிகணினியில் இயக்கிகள் எழுதிவைத்த பழைய லொக் (பதிவு) கோப்புகளை வாசித்துக்கொண்டிருப்பேன். ஏஎம்டி நிறுவன ஜிபியூக்களின் இயக்கி லொக்கில் இப்படி ஒரு வரி அடிக்கடி வரும்: 'ரிங் டைம்அவுட், சிக்னல்ட் 48213, எமிட்டட் 48215'. 48215ஆவது வேலைவரை அனுப்பியாயிற்று, 48213ஓடு நின்றுவிட்டது, நடுவில் ஏதோ ஜிபியூவின் தொண்டையில் சிக்கியிருக்கிறது என்று பொருள். இயக்கி கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஜிபியூவை மீளத் தொடக்கும். சிக்கிய வேலையின் ஃபென்ஸ்? அதில் ஒரு பிழை எண்ணைப் போட்டு, அதையும் 'சிக்னல்' செய்துவிடும், அதாவது நிலையை மாற்றிவிடும். வேலை நடக்கவில்லை, ஆனால் விவகாரம் முடிந்தது. அதனால்தான் முதலில் மனதில் வந்த 'நிறைவுக்குறி' எனக்குச் சரிப்படவில்லை. நிறைவு என்றால் நல்லபடி நடந்தது என்றுதான் மனது எடுத்துக்கொள்ளும்.

'முடிவுக்குறி' என்று வைக்கலாமா என்று பார்த்தேன். 'சிபியூ முடிவுக்காகக் காத்திருக்கிறது' என்று எழுதிப் பார்த்தால் வழக்குக்குப் போனவர் மாதிரி இருக்கிறது.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறேன் என்றால், 1993இல் ப்ரையன் பால் தொடங்கிய மீசா என்ற திறந்த மூல கிராஃபிக்ஸ் நிரல்தொகுப்புக்கு இன்று யாரும் பட்ச் (திருத்தம்) அனுப்பலாம். கொழும்பில் அறை எடுக்கத் தேவையில்லை, தோட்டத்து லயன் வரிசையில் ஒரு காம்பராவில் உட்கார்ந்தும் அனுப்பலாம். ஐரோப்பாவில் இருக்கும் என் குழு காலை ஒன்பதுக்கு வேலையில் உட்காரும்போது எனக்குப் பகல் ஒன்றரை, கோடையில் பன்னிரண்டரை. ஒரு நாள்கூட அவர்கள் அலுவலகத்தைப் பார்த்ததில்லை, வேலை நடக்கிறது. ஆனால் என்னிடம் பழக வரும் ஏ.எல். (உயர்தரம்) முடித்த பிள்ளைகள் ஷேடரைக்கூடப் பிடித்துக்கொள்கிறார்கள், ஃபென்ஸ் அத்தியாயத்தில் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். பிழை பிள்ளைகளிடம் இல்லை.

சொல் சொல்லுங்கள்.

---

(சென்னையிலிருந்து)

வணக்கம். வேலி போகட்டும் என்பதில் எனக்கும் சம்மதம். ரயில்பாதையில் இருக்கும் 'கைகாட்டி' எப்படி? சிக்னல் என்ற வினையும் அதற்குள்ளேயே வந்துவிடும், 'கைகாட்டி விழுந்தது' என்று எழுதலாம். சின்னச் சொல், வாயில் நிற்கும்.

ஒரு சந்தேகம். நிலை ஒரே தடவைதான் மாறும் என்பது மாதிரி எழுதியிருக்கிறீர்கள். வல்கனில் (கேம்கள் ஜிபியூவிடம் பேசும் இடைமுகம்) ஃபென்ஸை ரீசெட் செய்து திரும்பப் பயன்படுத்துகிறோமே? நான் மொபைல் கேம் எழுதுகிற ஆள், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அதைத்தான் செய்கிறேன்.

---

(நானுஓயாவிலிருந்து)

மகள், கணினி எனக்கு அவ்வளவாகப் பிடிபடாது. பேரன் இந்தக் கடிதங்களை வாசித்துக் காட்டினான். கைகாட்டி என்றதும் சும்மா இருக்க முடியவில்லை. நான் மலைநாட்டுப் பாதையில் நிலைய அதிபராக இருந்து ஓய்வு பெற்றவன்.

கைகாட்டி ஒரு நாளைக்கு எத்தனை தரம் ஏறி இறங்குகிறது! பொடி மெனிக்கே ரயில் போனதும் கை மறுபடி மட்டத்துக்கு வந்துவிடும், அடுத்த வண்டிக்கு மறுபடி போட வேண்டும். ஒரே தரம் மாறி அப்படியே நிற்கும் சாமானுக்கு அந்தப் பெயர் ஆகாது.

டெப்லட் என்று யாராவது சொல்வதற்கு முன் அதையும் சொல்லிவிடுகிறேன். மேலே ஒரே தண்டவாளம். பக்கத்துப் பக்கத்து ஸ்டேசன் இரண்டிலும் இருக்கும் டெப்லட் பெட்டிகள் கம்பியால் பிணைந்தவை. ஒரு தட்டை வெளியே எடுத்தால், அது இந்தப் பெட்டிக்கோ அந்தப் பெட்டிக்கோ திரும்பிப் போகும்வரை இரண்டாவது தட்டு வராது. தட்டைப் பையில் போட்டு, பெரிய வளையத்தோடு சாரதியிடம் நீட்டுவோம். அது கையில் இல்லாமல் அவர் வண்டியை எடுக்க மாட்டார். அது போவதற்கான உரிமை. நீங்கள் கேட்பது உரிமை இல்லை, செய்தி.

எனக்குத் தெரிந்தவரை நீங்கள் சொல்லும் சாமான், வண்டி வந்து சேர்ந்ததென்று அடுத்த ஸ்டேசன்காரன் அடிக்கிற மணி. அடித்த மணியைத் திருப்பி எடுக்க முடியாது. எஞ்சின் பழுதாகி இன்னொரு எஞ்சின் பின்னால் தள்ளிக்கொண்டு வந்தாலும், வந்தது வந்ததுதான். பழுது என்பதை ரெஜிஸ்டரில் எழுதிக்கொள்வோம். மணி என்றே வைத்தால் என்ன?

---

(பதுளையிலிருந்து)

தங்கச்சி, நிலைய அதிபர் ஐயாவின் மணி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் 'மணியைக் கொடுத்தது', 'மணிக்காகக் காத்திருந்தது' என்று எழுதினால் பிள்ளைகள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

இலக்கண வகுப்பில் தினமும் சொல்லிக்கொடுக்கிற ஒன்று கையருகில் இருக்கும்போது ஏன் வெளியே தேட வேண்டும்? வந்து, பார்த்து, எழுதி: இவை எச்சம். வந்தான், பார்த்தாள், எழுதினார்கள்: முற்று. முற்று என்றால் வினை முடிந்தது, அவ்வளவே. நல்லபடி முடிந்ததா, கெட்டதா என்று அந்தச் சொல் பேசாது. 'தோற்றான்' என்பதும் முற்றுத்தான். 'முற்று' அல்லது 'முற்றுக்குறி' என்று வையுங்கள். இன்னும் முடியாத நிலைக்கு 'எச்சம்' தானாக வந்து உட்காரும்.

கொழுந்து முற்றினால் தொழிற்சாலையில் எடுக்க மாட்டார்கள் என்று யாராவது சிரிப்பீர்கள். சிரியுங்கள். வெண்டிக்காய்க்கும் அதே கதிதான்.

---

(தலவாக்கலையிலிருந்து)

அக்கா, இதற்கு மேல் நான் தேடப்போவதில்லை. நேற்று இரவே இரண்டு பக்கத்தில் மாற்றி எழுதிப் பார்த்தேன். 'வேலையை ஒப்படைத்ததும் கெர்னல் ஒரு முற்றுக்குறியைத் தரும்.' 'முற்றுக்குக் காத்திரு.' 'மீளத் தொடக்கிய பின் எஞ்சிய குறிகளைப் பிழையோடு முற்றச் செய்.' அந்த லொக் வரி 'முற்றியது 48213, அனுப்பியது 48215' என்று வருகிறது, விளக்கமே தேவைப்படவில்லை. பொருளுக்கு முற்றுக்குறி, நிலைக்கு முற்று என்று பிரித்து வைக்கிறேன். முற்றுப்புள்ளியோடு குழம்புமே என்று தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். இரண்டும் ஒரே குடும்பம்தானே, சொந்தக்காரர்கள் முகம் ஒத்திருந்தால் குற்றமில்லை.

இந்தச் சொல்லில் எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. வினையெச்சம் முற்றைக் கொண்டு முடிய வேண்டும் என்பது இலக்கணம். கெர்னலிலும் அதே விதிதான், அதைவிடக் கண்டிப்பாக. கொடுத்த ஃபென்ஸ் நியாயமான காலத்துக்குள் கட்டாயம் முற்றியே ஆக வேண்டும்; பயனர் நிரல் மனம் வைத்தால்தான் முற்றும் என்ற நிலை கூடாது. ஏன் இவ்வளவு கண்டிப்பு? நினைவகம் தட்டுப்படும்போது, ஜிபியூ கையில் வைத்திருக்கும் நினைவகப் பக்கங்களைத் திரும்ப வாங்க கெர்னல் இந்த ஃபென்ஸ்களுக்காகக் காத்திருக்கும். அந்த ஃபென்ஸை முற்றச் செய்கிற பாதையில் இருக்கிற ஒருவர் அங்கே நினைவகம் கேட்டு நின்றால், அவர் இவருக்காக, இவர் அவருக்காக என்று இரண்டு பேரும் நின்றபடியே நிற்பார்கள். புதிய இயக்கிகளுக்கு மதிப்புரை எழுதும்போது நான் முதலில் தேடுவதே இந்தப் பிழையைத்தான். சோதனை ஓட்டத்தில் அகப்படாது, நினைவகம் நெருக்கடியாகும் இயந்திரத்தில்தான் வெளியே வரும். கையேட்டில் இதற்கு ஒரு முழு அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறேன். 'முற்றாத எச்சம்' என்று தலைப்பும் கிடைத்துவிட்டது.

சென்னை நண்பரின் ரீசெட் கேள்வி நல்ல கேள்வி. வல்கன் ஃபென்ஸ் வேறு, கெர்னல் ஃபென்ஸ் வேறு. லினக்ஸில் வல்கன் ஃபென்ஸுக்கு அடியில் பெரும்பாலும் இருப்பது 'சிங்க்ஆப்ஜ்' என்கிற ஒரு கூடு. அதற்குள்தான் கெர்னலின் ஃபென்ஸ் இருக்கிறது. நீங்கள் ரீசெட் செய்யும்போது உள்ளே இருந்த ஃபென்ஸ் எச்சமாக மாறுவதில்லை; கூடு காலியாகிறது, அவ்வளவுதான். அடுத்த ஃபிரேமில் புதிதாக ஒன்று உள்ளே வந்து உட்காரும். ஆகவே சிங்க்ஆப்ஜுக்கு 'முற்றுக்கூடு' என்று எழுதுகிறேன், வல்கன் ஃபென்ஸையும் அந்தப் பெயருக்குக் கீழேதான் விளக்கப்போகிறேன். 2024இல் வேலாண்டில் (லினக்ஸில் சாளரங்களைத் திரையில் காட்டும் முறை) வந்த வெளிப்படை ஒத்திசைவு நெறிமுறையும் இந்தக் கூடுகளைத்தான் கைமாற்றுகிறது. அதனால் இந்தப் பெயர் கையேட்டில் அடிக்கடி தேவைப்படும். உங்களுக்கு அங்கே வேறு பெயர் வேண்டுமென்றால் சொல்லுங்கள், ஆனால் வல்கன் ஃபென்ஸுக்கு வெறும் முற்றுக்குறி என்று மட்டும் போடவேண்டாம்.

நிலைய அதிபர் ஐயாவுக்கு: மணி கையேட்டில் விளக்கமாக இடம்பெறுகிறது, பின்னால் தள்ளிக்கொண்டு வரும் எஞ்சினோடு சேர்த்து. டெப்லட்டையும் விட மனமில்லை. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே உள்ளே போகலாம் என்று நாங்கள் 'மியூடெக்ஸ்' என்ற ஒன்றை வைத்திருக்கிறோம், நீங்கள் எழுதியது வரிக்கு வரி அதுதான். கைகாட்டியும் வீணாகாது. 1960களில் டைக்ஸ்ட்ரா 'செமஃபோர்' என்று பெயர் வைத்ததே ரயில்காரர்களின் கைகாட்டியைப் பார்த்துத்தான். ஏறி இறங்குவது அதற்குப் பொருத்தம், அதை அங்கேயே கொண்டுபோய் வைக்கிறேன். பட்டிப்பொல உச்சிவரை ஏறும் பாதை எங்கள் அத்தியாயத்துக்கு இவ்வளவு உதவும் என்று நான் நினைக்கவில்லை. பேரனிடம் என் நன்றியைச் சொல்லுங்கள்.

இனி எஞ்சியிருப்பது 'பேரியர்'. வல்கனில் அது உண்மையிலேயே தடுக்கிற சாமான்: முன்னால் போன வேலை எழுதி முடித்தாலொழிய பின்னால் வருவது வாசிக்கக் கூடாது. 'தடுப்பு' என்று போட்டால் போதுமா, அல்லது வேலையிழந்து நிற்கும் வேலியைக் கூப்பிட்டு இங்கே வைக்கலாமா? இதற்குத் தனி இழை தொடங்குகிறேன். அக்கா, முதல் கருத்து உங்களுடையதாக இருக்கட்டும்.