மறு: பயோமார்க்கர் – ‘உயிர்க்குறி’ சரிப்படுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

உண்ணி கடித்து வரும் மூளைத்தொற்றைப் பற்றி எழுதும்போது ‘பயோமார்க்கர்’ என்பதற்கு, அதாவது உடம்பில் அளந்து பார்த்தால் நோயின் நிலையைக் காட்டிக்கொடுக்கும் பொருளுக்கு, தமிழ்ச்சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். அதற்கு வில்லியனூர் டாக்டர் அம்மா சொன்ன ‘உயிர்க்குறி’க்கு நிறைய பேர் தலையாட்டிவிட்டீர்கள். சொல் அழகாகத்தான் இருக்கிறது, எனக்குத்தான் ஒப்பவில்லை. நேற்று மஞ்சக்குப்பத்தில் பக்கத்து வீட்டு அக்காவிடம், “உண்ணி கடித்து மூளைக்காய்ச்சல் வந்த பிள்ளைக்கு ரத்தத்தில் உயிர்க்குறி பார்ப்பார்கள்” என்று சொல்லிப் பார்த்தேன். “ஐயோ, உயிர் இருக்கா இல்லையான்னா பாப்பாங்க?” என்றார். வார்டு வாசலில் நிற்கிற தாயிடம் இந்தச் சொல்லை எப்படி நீட்டுவது?

‘உயிரிக்குறி’ இன்னும் மோசம். உயிரி என்றதும் கிருமிதான் நினைவுக்கு வரும், ஆனால் நாம் இங்கே முக்கியமாகப் பேசுகிற பயோமார்க்கர் கிருமியைக் காட்டுவதே இல்லை. நரம்பணுவின் நீண்ட வாலுக்குள் எலும்புக்கூடு போல ஓடும் புரத இழை, நியூரோஃபிலமென்ட், அதில் ‘லைட் செயின்’ என்ற சின்னத் துண்டு. அணு அடிபட்டால் அது உடைந்து மூளையைச் சுற்றியுள்ள நீரில் கலந்து, அங்கிருந்து கொஞ்சூண்டு ரத்தத்துக்கும் கசிகிறது. கொஞ்சூண்டு என்றால் ஒரு மில்லிலிட்டரில் சில பிகோகிராம். ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு பங்குதான் பிகோகிராம். பழைய கருவிகளுக்கு எட்டாத அளவு அது. இப்போது எட்டுகிறது என்பதால்தான் இத்தனை பேச்சு, ஏனென்றால் முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பதைத் திரும்பத் திரும்பச் செய்ய முடியாது, அதுவும் குழந்தைக்கு.

ஆனால் அது நரம்பு எவ்வளவு அடிபட்டது என்று சொல்லுமே தவிர, அடித்தது யார் என்று சொல்லாது. ஐரோப்பாவில் உண்ணி பரப்பும் மூளையழற்சி வைரஸோ, உண்ணியே பரப்பும் லைம் நோயின் பொரீலியா பாக்டீரியாவோ, நம் பக்கத்தில் கொசு கொண்டுவரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலோ, ஏன், பக்கவாதமோ கூட அதை ஏற்றிவிடும். கிருமி எது என்று பார்க்க எதிர்ப்புப் புரதச் சோதனை தனியாக வேண்டும்.

‘அளவுகோல்’ என்று புதுச்சேரி ஐயா எழுதியதும் இங்கேதான் இடிக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நோயும் இல்லாமலே வயது ஏற ஏற இந்த அளவும் ஏறும். எட்டு வயதுப் பிள்ளைக்கும் எழுபது வயதுத் தாத்தாவுக்கும் ஒரே கோடு போட முடியாத ஒன்றை எப்படி ஐயா கோல் என்பது? ‘சுட்டி’யும் வேண்டாம், குழந்தைகள் வார்டில் போய்ச் சொன்னால் எந்தச் சுட்டி என்று கேட்பார்கள்.

என் பரிந்துரை ‘நோய்த்தடயம்’. திருடன் போன பிறகு கிடக்கிற உடைந்த பூட்டு மாதிரி. தடயவியல் என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ‘ரத்தத் தடயம்’ என்று மட்டும் சுருக்கிவிடாதீர்கள், அது போலீஸ் பாஷையாகிவிடும். தவிர, எல்லாத் தடயமும் ரத்தத்தில் கிடைப்பதில்லை. லைம் நோய் நரம்பைத் தாக்கும்போது கூடுகிற சிஎக்ஸ்சிஎல்13 என்ற புரதத்தை மூளை நீரில் பார்ப்பதுதான் பயனுள்ளது. அது உடைந்த துண்டு இல்லையே, வெள்ளையணுக்களைக் கூப்பிடும் சேதியாயிற்றே, அது எப்படித் தடயம் என்று யாராவது மடக்கலாம். ஆள் வந்ததும் நாய் குரைத்தது என்பதும் துப்புதானே!

நோய்க்குப் பெயராக ‘உண்ணிவழி மூளைத்தொற்று’ எனக்குச் சம்மதம். ‘ஒட்டுண்ணி’ வேண்டாம், குடற்புழுவும் அதில் அடங்கும். கர்நாடகத்துக் கியாசனூர் காட்டில் 1957இல் கண்டறிந்த நோயையும் நாம் குரங்குக் காய்ச்சல் என்கிறோம், பரப்புவது உண்ணி, பழி குரங்குக்கு. பெரிய சிக்கல் வேறு. நம் பத்திரிகைகள் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று எழுதுவது ஸ்க்ரப் டைபஸ் என்ற வேறொரு காய்ச்சலை. அதைப் பரப்புவது மாட்டிலும் நாயிலும் நாம் பிடுங்கிப் போடுகிற உண்ணி இல்லை, புதரில் இருக்கும் மைட் என்ற சிற்றுயிரின், கண்ணுக்கே சரியாகத் தெரியாத இளம்புழு. அந்தக் காய்ச்சலும் மூளைவரை போகக்கூடியது என்பதால் இரண்டுக்கும் ஒரே பெயர் ஆபத்து. மைட்டுக்குச் ‘சிற்றுண்ணி’ என்று எழுதிப் பார்த்தேன். என் மகன் தூரத்திலிருந்து படித்துவிட்டு, “என்னப்பா, சிற்றுண்டியா?” என்கிறான். வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.